ரூமியில் எழுதிய முதல் வாசகம்

“இன்னொரு தடவ. முதல்லேருந்து. நேரா நின்னு வாசி. காலை ஆட்டாத!”

பாக்கார் ஆராங்கில் என் தம்பி வீடு. கேட்டைத் திறக்கும்போதே உள்ளேயிருந்து இந்தச் சத்தம். பள்ளி விடுமுறை தொடங்கிய முதல் சனிக்கிழமை. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கைப்பேசிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கும் நேரம். இந்த வீட்டில் ஒரு பிள்ளை வாசிக்கிறதே... எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷம் செருப்பைக் கழற்றி உள்ளே போகிற வரைக்கும்தான்.

ஹாலின் நடுவில் ஜோவானா நின்றுகொண்டிருந்தாள். தம்பியின் மகள், நான்காம் ஆண்டு மாணவி. எதிரே இடுப்பில் கைவைத்தபடி அவளுடைய அம்மா ரீட்டா. பிள்ளையின் கையில் ஒரு தாள். வாசித்தது தமிழ்தான். ஆனால் காதில் விழுந்த ராகம் வேறு. எந்தப் பஸ் எந்த இடத்துக்கு வருகிறது என்று பஸ் ஸ்டேஷனில் சொல்வார்களே, அந்த ராகம்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. எல்லாம் ரூமி. மலாய் எழுதுகிற அதே ஆங்கில எழுத்தில், வரிவரியாகத் தமிழ்!

“என்ன ரீட்டா இது?”

“கிறிஸ்மஸ் பூசைக்கு முதல் வாசகம்க்கா. இந்த வருஷம் ஃபாதர் நம்ம ஜோவைத்தான் வாசிக்கச் சொல்லியிருக்காரு.” முகமெல்லாம் பெருமை.

கோயில் வழக்கம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வரி. எங்கள் பூசையில் பைபிளிலிருந்து ஒரு பகுதியை ஒருவர் மேடையேறி, மைக்கில், சபை முழுக்கக் கேட்க வாசிப்பார். கிறிஸ்மஸ் காலைப் பூசையில் அந்த இடம் எங்கள் கோயிலில் பிள்ளைகளுக்கு. பிள்ளை பெற்றவர்களுக்கு அது பெரிய விஷயம். வீடியோ எடுத்து, பினாங்கில் இருக்கிற சித்தி வரைக்கும் அனுப்புவார்கள்.

எனக்கு நாசூக்காகப் பேச வராது. இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். படித்துவிட்டுத் திட்டுகிறவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

“ஏன், ஃபாதர் பூசையையும் ரூமியிலதான் வைக்கிறாரா?”

“என்னாக்கா நீங்க... அவளுக்குத் தமிழ் எழுத்து வேகமா வராது. மைக்ல தப்பு பண்ணிட்டா மானம் போயிடும்லா.”

“யாரு மானம்?”

ரீட்டா என் கையிலிருந்து தாளை வாங்கிப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்தாள்.

ஜோவானா படிப்பது தேசியப் பள்ளியில். உடனே எனக்கு மெசேஜ் எழுத உட்காராதீர்கள். தமிழ்ப்பள்ளியா, மலாயில் நடத்தும் தேசியப் பள்ளியா என்ற சண்டைக்கு இன்றைக்கு எனக்கு நேரமில்லை. அவள் பள்ளியிலும் தமிழ் வகுப்பு நடக்கிறது. எழுத்துகள் தெரியும், கூட்டிக் கூட்டி வாசிப்பாள், மெதுவாக. மலாய் காமிக்ஸ் என்றால் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்கிற பிள்ளை. வாசிக்கத் தெரியாதவள் இல்லை. அவளைத்தான் நிற்க வைத்து, ஒரு தாளை ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“அத்தை,” ஜோவானா என் கையைப் பிடித்து இழுத்தாள். “இதுல யாரு யாருகிட்ட பேசுறாங்க?”

ரீட்டாவைப் பார்த்தேன்.

“அதெல்லாம் ஃபாதர் பிரசங்கத்துல சொல்லுவாருலா,” என்றாள் ரீட்டா.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். ஜன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் ஒரு பிள்ளை நாள் கணக்கில் கத்திக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் விடுமுறை வாசிப்பா? நாளைக்கு இந்தப் பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே பாத்ரூமுக்குள் ஓடும். அப்போது எனக்கு போன் வரும்: “என் பிள்ளை வாசிக்கவே மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?”

மேசைமேல் கோயிலில் கொடுத்த வாசகப் புத்தகம் இருந்தது. தமிழில், பெரிய எழுத்தில். எடுத்து ரீட்டாவிடம் நீட்டினேன்.

“இந்தா, நீ ஒரு தடவ நிதானமா வாசிச்சுக் காட்டு. நீ வாசிக்கிறதக் கேட்டா பிள்ளைக்குப் புரியும்.”

ரீட்டா புத்தகத்தை வாங்கினாள். பார்த்தாள். மேசைமேலேயே திருப்பி வைத்தாள்.

“சாம்பார் அடுப்புல இருக்குக்கா.”

சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். அடுப்பு அணைந்திருந்தது. சாம்பாரையும் காணோம். ரீட்டா சிங்க்கைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரியாதுக்கா.”

“என்ன தெரியாது?”

“எழுத்து.”

ரீட்டா அலோர் ஸ்டார் பெண். அவர்கள் வீட்டில் பேச்சு தமிழ், படிப்பெல்லாம் மலாயில். கிளினிக் கவுண்டரில் வேலை. மலாய்க்காரர் வந்தால் மலாய், டாக்டரிடம் ஆங்கிலம், சீனத்துக் கிழவிகளிடம் ஹொக்கியன் — எல்லாரையும் சமாளிப்பாள். அப்படிப்பட்டவள், மாமியார் முதல் நாத்தனார் வரை தமிழ்ப்பள்ளியில் படித்த குடும்பத்துக்குள் வந்துவிட்டு, இத்தனை வருஷமாக வாயே திறக்காமல் ஒப்பேற்றியிருக்கிறாள். கல்யாணப் பத்திரிகை வந்தால் படத்தைப் பார்த்து யார் கல்யாணம் என்று கண்டுபிடிப்பாளாம். மாதர் குழு வாட்ஸ்அப்பில் தமிழில் என்ன வந்தாலும் கும்பிடும் எமோஜி அனுப்புவாளாம்.

“போன வருஷம் ஒருத்தங்க தவறிட்டாங்கன்னு மெசேஜ் வந்துச்சுக்கா. சுத்தி பூ படம் போட்டிருந்துச்சு. பர்த்டேன்னு நெனச்சு கேக் எமோஜி அனுப்பிட்டேன்.”

அந்தக் கேக்கை நானும் பார்த்தேன். குழுவே பார்த்தது. ஒரு வாரம் அதே பேச்சு. கை தவறிப் பட்டுவிட்டது என்று ரீட்டா வாய்ஸ் மெசேஜில் மன்னிப்புக் கேட்டாள். நம்பிவிட்டோம்.

சிரிக்கக் கூடாதுதான். சிரித்துவிட்டேன். ரீட்டாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அந்த ரூமித் தாளைக்கூட அவள் எழுதவில்லை. கோயில் தோழி ஒருத்தி வாசித்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். பிள்ளைக்காக மட்டும் இல்லை. பிள்ளை தப்பாக வாசிக்கிறதா என்று பார்க்க, அவளுக்கே அந்தத் தாள் வேண்டியிருந்தது.

சமையலறை வாசலில் ஜோவானா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

“மம்மி... உங்களுக்கும் தெரியாதா?”

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வேன்? கேலி இல்லை. ஏமாற்றம் இல்லை. அவ்வளவும் சந்தோஷம்! ஸ்கூலில் தனக்கு மட்டும்தான் கணக்கு வரவில்லை என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, பக்கத்துச் சீட்டில் இன்னொருத்தி மாட்டினால் வருமே, அந்தச் சந்தோஷம். “யூ ஆல்சோ டோன்ட் நோ?” என்று குதித்தாள். ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். “இது ‘ம’ மம்மி. ஈஸி லா. நான் சொல்லித் தரேன்.”

“போடி அந்தப் பக்கம்!” ரீட்டா கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “உங்க வாய்க்கு ஒரு மூடி போடுங்கக்கா. பிள்ளை முன்னால என்னை இப்படி ஆக்கிட்டீங்க.”

சாப்பிடாமல் கிளம்பிவிட்டேன். அவளும் இருந்து சாப்பிட்டுப் போகச் சொல்லவில்லை.

என் தம்பி சைமன் இதற்கெல்லாம் நடுவில் எங்கே இருந்தான் என்று கேட்கிறீர்களா? அறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். கூலிம் ஃபேக்டரியில் இரவு ஷிஃப்ட். தமிழ் நன்றாக வாசிப்பான், நானும் அவனும் ஒரே பள்ளி. ஆனால், “பிள்ளை படிப்பு அம்மா டிபார்ட்மென்ட்” என்பான். இந்த வசனத்தைச் சொல்லாத அப்பா நம் ஊரில் யார்? ஷிஃப்ட் முடிந்து வந்து புட்பால் பார்க்க நேரம் இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசிக்க நேரம் இல்லை.

வீடு திரும்பும் வழியில் செமிலிங்கில் நான் வழக்கமாக டீ குடிக்கும் பாய் கடையில் வண்டியை நிறுத்தினேன். கோபம் அடங்கட்டும் என்று. கடைக்காரர் பாய் நேரம் பார்த்துக் கேட்டார்:

“அக்கா, லீவுல பிள்ளைங்களுக்கு என்ன புக் வாங்கிக் குடுக்கலாம்? சும்மா கேம் விளையாடிட்டே இருக்குதுங்க.”

“நீங்க கடைசியா என்ன வாசிச்சீங்க, பாய்?”

“எனக்கு எங்கக்கா டைம்?”

கல்லாமேல் சாய்த்து வைத்திருந்த அவருடைய கைப்பேசியில் யாரோ ஒருவன் ஆடிக்கொண்டிருந்தான்.

“இது என்ன?”

“இது ரிலாக்ஸ்லா.”

பாருங்கள். அப்பாவுக்கு ரிலாக்ஸ், பிள்ளைக்கு வாசிப்பு. அப்படியென்றால் வாசிப்பு என்றால் என்ன என்று பிள்ளை நினைக்கும்? தண்டனை. வீட்டில் பெரியவர்கள் யாரும் தொடாத ஒன்று, தன் தலையில் மட்டும் கட்டப்படுகிற ஒன்று. கீரையை நாம் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தின்னச் சொன்னால் தின்னுமா? புத்தகக் கடைக்குக் கூட்டிப்போகிறோம், பெட்டி பெட்டியாக வாங்குகிறோம், லைப்ரரி வாசலில் இறக்கிவிட்டு ஏர்கான் போட்ட காரில் உட்கார்ந்து வீடியோ பார்க்கிறோம். பிறகு, “நான் எல்லாம் செஞ்சேன், இது வாசிக்கல!”

நாலைந்து நாள் ரீட்டாவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. நானும் போன் செய்யவில்லை. பிறகு ரீட்டாவின் கைப்பேசியிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரல் ஜோவானாவுடையது. ரகசியமாகப் பேசினாள்.

“அத்தை, மம்மி ‘ஞ’ல மாட்டிக்கிட்டாங்க. டுடே ஃபுல்லா மாட்டிக்கிட்டாங்க!”

பின்னால் ரீட்டாவின் குரல்: “போனைக் குடுடி!”

அவ்வளவுதான். எனக்குப் போதும்.

அடுத்த முறை போனபோது கிறிஸ்மஸ் முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். ரீட்டாவின் இரண்டு கையிலும் மாவு. ஜோவானா நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்து, அம்மாவின் கைப்பேசியை வைத்துக்கொண்டு, மாதர் குழுவில் வந்த செய்திகளைக் கூட்டிக் கூட்டி வாசித்துக் காட்டினாள். யார் வீட்டில் கேக் ஆர்டர் எடுக்கிறார்கள். கேரல் பாடப் போன இடத்தில் யார் யாரை என்ன சொன்னார்கள். யார் கோபித்துக்கொண்டு குழுவை விட்டு வெளியேறினார்கள்...

“ஏன் மம்மி, இவங்க லெஃப்ட் ஆயிட்டாங்க?”

“மேல போ, மேல போ. அதுக்கு முன்னாடி என்ன போட்டிருக்குன்னு வாசி!” ரீட்டா மாவுக் கையோடு கிட்டே வந்துவிட்டாள்.

இரண்டு தலையும் ஒரே கைப்பேசிக்குள். ஒரு வார்த்தையில் பிள்ளை தடுக்கினால் அம்மா எட்டிப் பார்த்து முயற்சி செய்தாள். அம்மா தப்பாகச் சொன்னால் பிள்ளைக்கு ஒரே கொண்டாட்டம். நல்லொழுக்கக் கதைகளாகப் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுக்கிறோமே... பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் தெரியுமா? அவர்களுக்கென்று எழுதாதது. பெரியவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அவர்களுக்கு அரிப்பு. அந்த அரிப்புதான் வாசிப்புக்கு முதல். அதைத் திட்டித் திட்டி அடக்கிவிட்டு, அப்புறம் ஆர்வம் இல்லை என்கிறோம்.

இது நல்ல பழக்கமா, வம்பு வாசிப்பது பிள்ளைக்குத் தகுமா என்று கேட்டு எழுதுகிறவர்கள் எழுதுங்கள். அந்தப் பிள்ளை அதே வாரம் காலண்டர் தாள், மாவுப் பாக்கெட், கேரல் பாட்டுத் தாள் எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு, வாசகப் புத்தகத்துக்குத் தானாக வந்தது. யாரு யாருகிட்ட பேசுறாங்க என்பதை அம்மாவும் மகளுமாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஃபாதர் பிரசங்கம் வரைக்கும் காத்திருக்கவில்லை.

முறுக்கு சுட்ட அன்றைக்கே சைமனுக்கும் விஷயம் தெரிந்தது. தூங்கி எழுந்து வந்தவன், மனைவி விரலை வைத்து எழுத்துக் கூட்டுவதைப் பார்த்தான். ரீட்டா சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள்.

“என்னமோ எனக்குத் தெரியாத மாதிரி ஒளிக்கிற. எனக்கு எப்பவோ தெரியும்லா. நம்ம கல்யாணக் கார்டுல உன் பேரு எதுன்னு நீ தேடினப்பவே தெரியும்.”

ரீட்டா அவனையே பார்த்தாள். “தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“நீ சங்கடப்படுவேன்னு...”

பெருந்தன்மையாம்! எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. அன்றைக்கே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் கல்யாணமான ஒரு வருஷத்துக்குள் முடிந்திருக்கும். அவனிடமே சொன்னேன். முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு அறைக்குப் போய்விட்டான்.

ஆனால் கதை இங்கே நல்லபடியாக முடியவில்லை. கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் கோயிலில் ஒத்திகை. ஜோவானா தமிழில் வாசித்தாள். தப்பில்லை. மெதுவாக, விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக. வாசகங்களுக்குப் பொறுப்பான அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ரீட்டா, கிறிஸ்மஸ் பூசையில இப்படி இழுத்தா ஜனங்க கொட்டாவி விடுவாங்க. அந்த ரூமித் தாள் இருக்குதானே? அதுலேயே வாசிக்கட்டும். எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான் வாசிக்குதுங்க. இல்லன்னா சொல்லுங்க, வேற பிள்ளையைப் போட்டுக்கலாம்.”

ரீட்டாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். வாயைத் திறக்கப் போனேன். மூடி ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். இது அவள் வீட்டு விஷயம். தமிழிலேயே என்று பிடிவாதம் பிடித்தால் பிள்ளைக்கு மேடை போகும். ரூமியைக் கையில் கொடுத்தால் மேடை இருக்கும். ஆனால் விடுமுறை முழுக்க அம்மாவும் மகளும் செய்தது எல்லாம் வெறும் விளையாட்டு, நிஜம் என்று வந்தால் ஒப்பிப்பதுதான் என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை எதற்காக எழுத்துக் கூட்டப்போகிறது?

“அவ தமிழ்லயே வாசிக்கட்டும்,” என்றாள் ரீட்டா. “கொஞ்சம் கொட்டாவி விடட்டுமே.”

கிறிஸ்மஸ் காலை. கோயில் நிரம்பி வெளியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஜோவானாவுக்குப் புது வெள்ளை கவுன். ரீட்டா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தைரியமெல்லாம் ஒத்திகையோடு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது; கைப்பையிலிருந்து அந்த ரூமித் தாளை எடுத்து மகள் கையில் திணித்தாள். “பயமா இருந்தா இதைப் பார்த்துக்கோ.”

பிள்ளை எழுந்து போனாள். தாள் பெஞ்சிலேயே கிடந்தது.

மேடையில் மைக்குக்கு மேலே அவள் நெற்றிதான் தெரிந்தது. யாரோ ஸ்டூல் கொண்டுபோய் வைத்தார்கள். வாசிக்க ஆரம்பித்தாள். மெதுவாகத்தான். ஆனால் பஸ் ஸ்டேஷன் ராகம் இல்லை. பேசுகிற இடத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. எனக்குப் பக்கத்தில் ரீட்டா மடியில் ஒரு வாசகப் புத்தகத்தை விரித்து, மகளோடு கூடவே விரலை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

பாதியில் நின்றுவிட்டது.

ஒரு வார்த்தை. நீளமானது. ஜோவானா வாயைத் திறந்தாள், மூடினாள். பொறுப்பான அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரோ இருமினார்கள்.

ரீட்டா எழுந்து நின்றுவிட்டாள். விரல் புத்தகத்தில். சபை முழுக்கக் கேட்க, எழுத்துக் கூட்டி, ஒரு வார்த்தையை உரக்கச் சொன்னாள்.

ஜோவானா அம்மாவைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். மறுபடியும் அம்மாவைப் பார்த்தாள். மைக்கில் தெளிவாகச் சொன்னாள்:

“மம்மி, அது அடுத்த வரி லா.”

கோயிலே சிரித்தது. ஃபாதர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பயம் போன இடம் தெரியவில்லை. ஜோவானா அந்த நீளமான வார்த்தையை உடைத்து உடைத்துச் சொல்லி, கடைசி வரி வரைக்கும் வாசித்து முடித்துவிட்டுத்தான் ஸ்டூலை விட்டு இறங்கினாள். யாரும் கொட்டாவி விடவில்லை. ரீட்டா உட்காரவே மறந்து நின்றுகொண்டிருந்தாள். நான்தான் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

இதையெல்லாம் ரீட்டாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். “பேரை மட்டும் மாத்திடுங்கக்கா,” என்றாள். மாற்றியிருக்கிறேன். எங்கள் கோயில்காரர்களுக்கு எப்படியும் தெரியும்.

பூசை முடிந்து வாசலில் கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி இரண்டு அம்மாக்கள் ரீட்டாவை வளைத்துக்கொண்டார்கள்.

“உங்க பொண்ணு தமிழ்லயே வாசிக்குதே, சிஸ்டர்! எந்த டியூஷன் சென்டர்? டீச்சர் நல்லா சொல்லிக் குடுப்பாங்களா?”

“டீச்சர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். நாலாம் ஆண்டுதான் படிக்கிறாங்க,” என்றாள் ரீட்டா. “நான் இன்னும் கிளாஸ்ல லாஸ்ட் லா, சிஸ்டர்.”